'நோ கேரியர்' என்றால் என்ன? பழைய சமூக வலைப்பின்னல் கையேடும் மூன்று பென்சில் குறிப்புகளும்

#1 சொல்தேடி

வணக்கம். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க நகரம் ஒன்றில் இயங்கிய சமூக வலைப்பின்னல் (இன்றைய ஃபேஸ்புக் மாதிரி அல்ல; ஊர்மக்கள் தொலைபேசி வழியே நுழைந்த பொதுக் கணினிச் சேவை), புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அச்சிட்டுக் கொடுத்த சிறு கையேடு வருடிய படமாக என் கைக்கு வந்திருக்கிறது. கடைசி நான்கு பக்கங்கள் சொற்பட்டியல். அதைத் தமிழில் கொண்டுவரலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று நாளாகியும் மோடத்தைத் தாண்டவில்லை. 'நோ கேரியர்' என்றால் என்ன என்றும் பிடிபடவில்லை.

எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் இணையம் என்றால் வைஃபைதான். இந்தக் கையேட்டிலோ ஒரு சொல்லைப் பிடித்தால் அது இன்னொரு சொல்லைக் காட்டிவிட்டு ஓடுகிறது. ஹோஸ்ட் என்றால் நீங்கள் லாகின் செய்யும் கணினியாம். லாகின் என்றால் ஹோஸ்டுக்குள் நுழைவதாம். செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறேன்.

அச்சுப் பிழையோ என்று சந்தேகப்படும் ஒரு வரியும் இருக்கிறது: "பதிவிறக்கிய கோப்பை உங்கள் கணினிக்குப் பதிவிறக்க மறக்காதீர்கள்." பதிவிறக்கியதை மறுபடி ஏன் பதிவிறக்க வேண்டும்?

கையேட்டை வைத்திருந்தவர் யாரோ, ஓரங்களில் பென்சிலால் மூன்று குறிப்புகள் எழுதியிருக்கிறார். தொலைபேசி எண் இருக்கும் பக்கத்தில் "நட்சத்திரம், 70, காற்புள்ளி". வேகம் பற்றிய பத்தியின் அருகில் "10ஆல் வகு. 8 வினாடி". பின்னட்டையில், இரண்டு முறை அடிக்கோடிட்டு, "உறைந்தால் க்யூ". இவை எனக்குப் புதிராகவே இருக்கின்றன. அந்தக் காலத்தில் புழங்கியவர்கள் உதவ வேண்டும்.

#2 பழைய மோடம்

தங்கையே, வருக. 1992இல் மேற்படிப்புக்காக அங்கே போயிருந்தபோது இப்படி ஒரு வலைப்பின்னலில்தான் என் முதல் மின்னஞ்சல் முகவரி கிடைத்தது. சேர்வதற்குக் காகிதப் படிவத்தில் கையெழுத்திட்டு அஞ்சலில் அனுப்ப வேண்டும். கணக்கு வரும்வரை 'விருந்தினர்' என்று நுழைந்து வேடிக்கை பார்க்கலாம், எழுத முடியாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அப்போது வீட்டுக் கணினி இணையத்தில் இல்லவே இல்லை. ஒரு பல்கலைக்கழகத்திலோ நூலகத்திலோ பெரிய கணினி ஒன்று இருக்கும். அதன் பக்கத்தில் மோடங்களும் தொலைபேசி இணைப்புகளும் வரிசையாக இருக்கும். நம் வீட்டு மோடம் அந்த எண்ணுக்குத் தொலைபேசியில் அழைக்கும். எடுத்தால் உள்ளே போகலாம். எல்லாம் பேச்சில் இருந்தால் 'பிஸி' என்று திரையில் விழும். திரும்ப அழைக்க வேண்டும். மாலை ஏழு மணிக்கு மேல் நாற்பது தடவை அழைத்த நாள்களும் உண்டு.

இந்த வகையில் பேர்போனது கிளீவ்லாந்து ஃப்ரீநெட். 1986இல் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் டாம் கிரண்ட்னர் தொடங்கியது. அதற்கு இரண்டு வருடம் முன்பு அவர் ஒரு தொலைபேசி இணைப்பை வைத்து, மக்கள் கேட்கும் மருத்துவக் கேள்விகளுக்கு மருத்துவர்கள் பதில் எழுதும் பலகை ஒன்றை நடத்திப் பார்த்தார். அது வளர்ந்து ஊர் முழுவதற்குமானது. உள்ளே நுழைந்தால் முகப்புப் பட்டியலே ஒரு நகரம்: தபால் நிலையம், பொதுச் சதுக்கம், நீதிமன்றம், பள்ளிக்கூடம், நூலகம், கலைக் கட்டடம். எண்ணைத் தட்டினால் அந்தக் கட்டடத்துக்குள் போவீர்கள். வெளியூர்க் கணினிகளுக்குப் போகும் வாசலுக்கு 'டெலிபோர்ட்' என்று பெயர். கட்டணம் கிடையாது.

#3 அகராதிப்பித்தன்

நல்ல முயற்சி. ஒரு வேண்டுகோள்: எல்லாவற்றையும் மோடம், ஹோஸ்ட், லாகின் என்று எழுதிவிட்டுத் தமிழாக்கம் என்று சொல்லாதீர்கள். பாடநூல்களிலேயே பண்பேற்றம், பண்பிறக்கம் என்ற சொற்கள் இருக்கின்றன. இரண்டையும் செய்வது பண்பேற்றிறக்கி. கேரியர் என்பதற்கு ஊர்தி அலை. ஹோஸ்டுக்கு விருந்தோம்பி. லாகின் என்பதற்குப் புகுபதிகை; தமிழ் விக்கிப்பீடியாவில் நெடுங்காலமாகப் புழங்குகிறது. புரோட்டோகால் நெறிமுறை. பாக்கெட்டுக்குப் பொதி.

#4 குறும்பன்

"நோ கேரியர்" என்பதை "ஊர்தி இல்லை" என்று எழுதினால் பஸ் வரவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள், ஐயா.

விருந்தோம்பி பற்றியும் ஒரு சந்தேகம். ஒரு மணி நேரம் ஆனதும் "உங்கள் நேரம் முடிந்தது" என்று கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவாராமே? அது என்ன விருந்தோம்பல்?

#5 அகராதிப்பித்தன்

வரிசையில் மற்றவர்கள் காத்திருக்கும்போது ஒருவரே பந்தியில் உட்கார்ந்திருந்தால் எந்த விருந்தோம்பியும் எழுப்பத்தான் செய்வார்.

#6 தந்திக்கம்பி

தொலைத்தொடர்பில் முப்பத்து நான்கு ஆண்டு வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். கணினியின் 0, 1 அதில் அப்படியே போகாது. எனவே அவற்றைச் சத்தமாக்கி அனுப்பி, மறுமுனையில் சத்தத்தை மீண்டும் 0, 1 ஆக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது மோடம். 1962இல் வந்த பெல் 103 வகை மோடத்தில் அழைக்கும் பக்கம் 1,070 ஹெர்ட்ஸ் ஒலித்தால் 0. 1,270 ஒலித்தால் 1. புல்லாங்குழலில் இரண்டே துளை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எதிர்முனையிலிருந்து விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும் அந்தச் சத்தம்தான் கேரியர். அது நின்றால் "நோ கேரியர்". இணைப்பு அறுந்துவிட்டது என்று பொருள், அவ்வளவுதான்.

இனி, என் இரத்தக் கொதிப்பை ஏற்றும் சொல்லுக்கு வருகிறேன். பாட். எமில் பொடோ என்ற பிரெஞ்சுத் தந்திப் பொறியாளரின் பெயரால் வந்த அலகு. ஒரு வினாடியில் ஒலி எத்தனை முறை மாறுகிறது என்பதுதான் பாட். ஒரு வினாடியில் எத்தனை பிட், அதாவது எத்தனை 0, 1 போகிறது என்பது வேறு கணக்கு. பெல் 103இல் ஒரு மாற்றத்துக்கு ஒரு பிட். ஆகவே 300 பாட்டும் வினாடிக்கு 300 பிட்டும் ஒன்றாக இருந்தன. குழப்பத்தின் வேர் அங்கேதான். பின்னால் வந்த 2,400 பிட் மோடம் வினாடிக்கு 600 முறைதான் ஒலியை மாற்றும். ஒவ்வொரு மாற்றத்திலும் நான்கு பிட்டை ஏற்றிவிடும். அதாவது அது 600 பாட் மோடம். உண்மையிலேயே 2,400 பாட்டில் ஓடியது அடுத்த தலைமுறை மோடம். அதன் வேகம் 9,600 பிட். கடைக்காரர்கள் முதல் கையேடு எழுதியவர்கள் வரை எல்லாரும் 2,400 பாட் மோடம் என்றே எழுதித் தொலைத்தார்கள். உங்கள் கையேட்டிலும் அப்படித்தான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

#7 சொல்தேடி

பந்தயத்தில் நீங்கள் வென்றுவிட்டீர்கள், ஐயா. பக்கம் 11: "உங்களிடம் 2400 பாட் மோடம் இருந்தால்..." பென்சில் குறிப்பு "10ஆல் வகு. 8 வினாடி" அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. எட்டு பிட் ஒரு எழுத்து என்றால் 8ஆல் அல்லவா வகுக்க வேண்டும்?

#8 தந்திக்கம்பி

எழுத்து 8 பிட்தான். அதற்கு முன்னால் "இதோ வருகிறது" என்று ஒரு பிட், பின்னால் "முடிந்தது" என்று ஒரு பிட். ஆக 10. கையேட்டில் எங்காவது 8, என், 1 என்று இருக்கும் பாருங்கள். எட்டு தரவு பிட், பாரிட்டி இல்லை, ஒரு நிறுத்த பிட் என்பதன் சுருக்கம். பாரிட்டி என்பது பிழை பார்க்க, 1களின் எண்ணிக்கையை இரட்டையாகவோ ஒற்றையாகவோ ஆக்கச் சேர்க்கும் பிட்.

2,400ஐ 10ஆல் வகுத்தால் வினாடிக்கு 240 எழுத்து. அந்தக் காலத் திரை 80 எழுத்து அகலம், 24 வரி உயரம். மொத்தம் 1,920 எழுத்து. 240ஆல் வகுங்கள். எட்டு வினாடி. ஒரு திரை நிறைய அத்தனை நேரம். 300 பிட் மோடத்தில் அதே திரைக்கு 64 வினாடி. பிழைதிருத்தம் உள்ள மோடங்கள் முன்னும் பின்னும் வரும் பிட்களை உரித்துவிட்டு அனுப்பும் என்பதால் அங்கே கணக்குச் சற்று மாறும். பென்சில்காரருக்கு அது தேவைப்பட்டிருக்காது.

#9 பழைய மோடம்

எட்டு வினாடி என்றதும் அந்தத் திரை கண்முன் வந்துவிட்டது. எழுத்துகள் இடமிருந்து வலமாக, யாரோ தட்டச்சு செய்வதுபோல் வந்து விழும். நம் கண் படிக்கும் வேகத்தைவிடக் கொஞ்சம் கூட. பழகியபிறகு பட்டியல் முழுதும் வரும்வரை யாரும் காத்திருக்க மாட்டோம். ஏழாம் எண் நூலகம் என்று விரலுக்கே தெரியும். முதல் வரி வரும்போதே 7ஐத் தட்டிவிடுவோம்.

பாரிட்டி பொருந்தாவிட்டால் நடக்கும் கூத்தையும் எழுதுங்கள். அங்கே 7 பிட்டும் இரட்டைப் பாரிட்டியும், இங்கே 8 பிட் என்று வைத்துவிட்டால் பாதி எழுத்து ஒழுங்காகவும் பாதி எழுத்து கோடும் கிரேக்கமுமாகவும் வரும். ஆங்கிலச் சிற்றெழுத்தில் சி, இ இரண்டும் தப்பித்துவிடும். ஏ, பி, டி மூன்றும் கோணலாகும். தமக்குள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் 1 வைத்திருக்கும் எழுத்துகள் மட்டும் கெடுவதுதான் காரணம். இந்த இரகசியம் புரிவதற்குள் என் மோடத்தைப் பழுது என்று திருப்பிக் கொடுக்கப் பெட்டியில் கட்டிவிட்டேன்.

#10 நூலகர் ஒருவர்

இந்த இழையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. 1993 முதல் சில ஆண்டுகள், வட அமெரிக்காவில் ஒரு பொது நூலகத்தில் இந்த வலைப்பின்னலுக்கென்று வைத்திருந்த முனையத்தின் பக்கத்தில் நின்று வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. வீட்டில் கணினி இல்லாதவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வேலை தேடுபவர்கள் எல்லாரும் வருவார்கள்.

சொல்தேடி, உங்கள் பட்டியல் சுற்றுவதன் காரணம் எனக்குத் தெரியும். நானும் முதல் மாதம் அகராதி மாதிரி விளக்கிக்கொண்டிருந்தேன், யாருக்கும் ஏறவில்லை. அப்புறம் ஒரே கேள்வியைக் கேட்கத் தொடங்கினேன்: "இப்போது நீங்கள் எந்தக் கணினியில் நிற்கிறீர்கள்?" அந்தக் காலச் சொற்களில் பெரும்பாலானவை இடத்தைச் சொல்பவை. நாற்காலி ஒரே இடத்தில்தான் இருக்கும். ஆனால் நீங்கள் நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

வீட்டுக் கணினி ஒன்றாம் இடம். தொலைபேசியில் அழைத்து உள்ளே போனபின், வீட்டுக் கணினி வெறும் திரையும் விசைப்பலகையும்தான். முனையம் என்பது அதைத்தான். விடி100 என்ற பழைய முனையத்தைப்போல நடிக்கும்படி அதற்குச் சொல்லியிருப்போம். இப்போது நீங்கள் நிற்பது இரண்டாம் இடமான ஹோஸ்டில். அங்கிருந்து டெல்நெட் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் கட்டளை) கொடுத்து வேறு பல்கலைக்கழக நூலகப் பட்டியலுக்குள் போனால் மூன்றாம் இடம். அங்கே உதவி கேட்டுத் தட்டினால் பதில் சொல்வது மூன்றாம் கணினி. எங்கள் வலைப்பின்னலின் கட்டளைகள் அங்கே வேலை செய்யாது. "உங்கள் மெஷின் கெட்டுவிட்டது" என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேர் மூன்றாம் இடத்தில் நின்றுகொண்டு இரண்டாம் இடத்தின் மொழியைப் பேசியவர்கள்.

எக்கோ என்றொரு சொல் பட்டியலில் இருக்கும், பாருங்கள். நீங்கள் ஒரு எழுத்தைத் தட்டுகிறீர்கள். அது திரையில் தெரிகிறது. வீட்டுக் கணினி தானே காட்டியது என்று நினைப்பீர்கள். இல்லை. அது தொலைபேசிக் கம்பி வழியே ஹோஸ்டுக்குப் போய், ஹோஸ்ட் அதைத் திருப்பி அனுப்பி, அதன் பிறகுதான் திரையில் விழுகிறது. வீட்டுக் கணினியையும் எக்கோ செய்யச் சொல்லிவிட்டால் ஒவ்வோர் எழுத்தும் இரண்டிரண்டாக வரும். ஒரு பெரியவர் தம் பெயரைத் தட்டிவிட்டு, விசைப்பலகைக்குத் திக்குவாய் வந்துவிட்டது என்றார். நான் அமைப்பை மாற்றவில்லை. முதலில் ஏன் என்று சொன்னேன். ஒரு எழுத்து இங்கே பிறந்தது, இன்னொன்று ஊருக்குப் போய்விட்டு வந்தது என்றதும் அவருக்கு ஹோஸ்ட் என்றால் என்ன என்று புரிந்துவிட்டது. அதற்கு முன் பத்து நிமிடம் நான் விளக்கியிருந்தேன், வீணாக.

#11 சொல்தேடி

அக்கா, அப்படியென்றால் "பதிவிறக்கியதைப் பதிவிறக்கு" என்பது அச்சுப் பிழை இல்லை!

#12 நூலகர் ஒருவர்

இல்லவே இல்லை. எஃப்டிபி (கணினிகளுக்கிடையே கோப்பு அனுப்பும் முறை) வழியாக எடுத்த கோப்பு மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்குத்தான் வரும். அதாவது ஹோஸ்டில் உங்கள் கணக்குக்கு ஒதுக்கிய சிறு மூலைக்கு. வீட்டுக்கு வர இன்னொரு பயணம் வேண்டும். அதற்குக் கெர்மிட், எக்ஸ்மோடம், இசட்மோடம் என்று தனி நெறிமுறைகள். முதல் பயணம் சில வினாடி, இரண்டாவது பயணம் முக்கால் மணி நேரம் என்பதும் சாதாரணம்; அங்கே இணையத்தின் வேகம், இங்கே தொலைபேசியின் வேகம். ஒரு மெகாபைட் கோப்பைத் தந்திக்கம்பி ஐயாவின் கணக்கில் போட்டுப் பாருங்கள். 73 நிமிடம் வருகிறதா? பல இடங்களில் ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம்தான் அனுமதி. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இசட்மோடத்தில் இருந்ததால்தான் அது அத்தனை பேருக்குப் பிடித்தது.

#13 அகராதிப்பித்தன்

அப்படியானால் இரண்டு சொற்களாகப் பிரித்துவிடலாமே. தொலைவிலிருந்து ஹோஸ்டுக்கு வருவது கோப்புப் பெறல். ஹோஸ்டிலிருந்து வீட்டுக்கு வருவது பதிவிறக்கம். இலங்கைத் தமிழர் தரவிறக்கம் என்பார்கள், அதுவும் நன்று. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் வாசகர் உங்களைப்போலவே அச்சுப் பிழை என்பார்.

இதோடு நான் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மோடத்தை மோடம் என்றே விட்டுவிடுங்கள். பண்பேற்றிறக்கி என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் இணைப்பே கிடைத்துவிடும்.

#14 பழைய மோடம்

எஃப்டிபியில் இன்னொரு பள்ளம் உண்டு. பயனர் பெயர் 'அனானிமஸ்', கடவுச்சொல்லுக்குப் பதில் உங்கள் மின்னஞ்சல் முகவரி, இது மரியாதைக்காக. அதுவரை சரி. ஆனால் கோப்பை எடுக்குமுன் 'பைனரி' என்று ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பல இடங்களில் அது உரைக்கோப்பு என்று எடுத்துக்கொண்டு வரிமுடிவுகளைத் தன் விருப்பப்படி மாற்றிவிடும். கடிதத்துக்கு அது நல்லது. சுருக்கிய கோப்புக்கு அது விஷம்.

நான் ஒரு சதுரங்க ஆட்டத்தை எடுத்தேன். மறுநாள் பாதி, அதற்கு மறுநாள் மீதி என்று இரண்டு இரவில் வீட்டுக்கு இறக்கினேன். திறந்தால் "கோப்பு சிதைந்துள்ளது". இரண்டு இரவையும் மோடத்தின்மேல் பழிபோட்டு, மூன்றாவது இரவும் இறக்கினேன். அதே செய்தி. ஹோஸ்டுக்கு வரும்போதே அது செத்துப்போயிருந்தது; பிணத்தை மூன்று இரவு கவனமாகச் சுமந்திருக்கிறேன். அக்காவின் கேள்வியை அப்போது யாராவது கேட்டிருந்தால், எந்தப் பயணத்தில் கெட்டது என்று தேடியிருப்பேன்.

#15 குறும்பன்

சதுரங்கத்தில் தோற்பதற்கு இத்தனை பாடா, அண்ணா?

#16 சொல்தேடி

"நட்சத்திரம், 70, காற்புள்ளி" பற்றி யாரும் சொல்லவில்லையே. காற்புள்ளிதான் என்னைக் கொல்கிறது.

#17 தந்திக்கம்பி

அது வட அமெரிக்கத் தொலைபேசிக்கு உரியது. பேசிக்கொண்டிருக்கும்போது இன்னோர் அழைப்பு வந்தால் டிக் என்று ஓர் ஒலி வருமல்லவா, அந்தக் காத்திருப்பு வசதியை ஒரு அழைப்புக்கு மட்டும் நிறுத்த நட்சத்திரம், 7, 0 அழுத்த வேண்டும். மனிதர் அந்த டிக்கைப் பொறுத்துக்கொள்வார். மோடத்துக்கு அது கேரியரில் விழும் வெட்டு. இணைப்பு போய்விடும்.

காற்புள்ளி ஹேஸ் நிறுவனம் 1981இல் கொண்டுவந்த மோடக் கட்டளை மொழியைச் சேர்ந்தது. மற்ற நிறுவனங்களும் அதையே பின்பற்றின. எண்ணை அழைக்கும் கட்டளையில் காற்புள்ளி வந்தால் மோடம் இரண்டு வினாடி மூச்சுவிடும். நட்சத்திரம் 70 அழுத்தியபின் தொலைபேசி நிலையம் அதை ஏற்றுக்கொண்டு மறுபடி டயல் ஒலி கொடுக்கச் சிறிது நேரம் ஆகும். காற்புள்ளி இல்லாவிட்டால் மோடம் காத்திராமல் எண்ணைக் கொட்டிவிடும்; முதல் ஒன்றிரண்டு இலக்கம் தொலைந்து யாரோ ஒருவர் வீட்டில் மணி அடிக்கும். பென்சில்காரர் அனுபவப்பட்டுத்தான் எழுதியிருக்கிறார்.

#18 நூலகர் ஒருவர்

முகவரிப் பகுதிக்கு வரும்போது இதே இடக் கணக்கு உதவும். மின்னஞ்சலில் ஆட் (@) குறிக்கு முன்னால் ஆள், பின்னால் இடம். 1971இல் ரே டாம்லின்சன் அந்தக் குறியைத் தேர்ந்தெடுத்தார். இடத்தை வலமிருந்து இடமாகப் படிக்கச் சொல்லுங்கள்: கடைசியில் இருக்கும் டாட் எடு, டாட் காம், டாட் ஆர்க் போன்றது பெரிய வட்டம், இடப்பக்கம் நகர நகர நிறுவனம், பிறகு கணினி. கிளீவ்லாந்தில் ஆளின் பெயருக்கு இரண்டு எழுத்தும் மூன்று எண்ணும் கொண்ட குறியீடு. தம் பெயரிலேயே முகவரி வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அது பெருங்குறை.

பழைய கையேடு என்பதால் ஆச்சரியக்குறி போட்ட முகவரிகளும் இருக்கலாம். அவை யுயுசிபி காலத்தவை; அப்போது அஞ்சலைக் கணினிகள் ஒன்றுக்கொன்று கைமாற்றிக் கொண்டுபோயின. அவற்றை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். இடத்தைச் சொல்லாமல் வழியைச் சொல்பவை. "முதலில் இந்தக் கணினி, அங்கிருந்து அந்தக் கணினி, அங்கே இன்னார்" என்று. தெரு முகவரி எழுதுவதற்கும், பிள்ளையார் கோயிலைத் தாண்டி இடப்பக்கம் திரும்பு என்று வழி சொல்வதற்கும் உள்ள வித்தியாசம். 1983இல் களப்பெயர் (டொமைன்) முறை வந்த பிறகு வழியைத் தேடும் பொறுப்பு கணினிகளுடையதாயிற்று.

#19 சொல்தேடி

கோஃபர், ஆர்ச்சி, வெரோனிகா, யூஸ்நெட், லிஸ்ட்செர்வ்? இவற்றுக்கு ஒவ்வொரு வரி போதும்.

#20 பழைய மோடம்

கோஃபர்: எல்லாவற்றையும் பட்டியலாகக் காட்டும் முறை. 1991, மினசோட்டா பல்கலைக்கழகம். அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அணிகளின் சின்னமான விலங்கின் பெயர். அம்புக்குறியை நகர்த்தி என்டர் தட்டினால் போதும். நீங்கள் அறியாமலே வேறு நாட்டுக் கணினிக்குப் போய்விட்டிருப்பீர்கள். எந்தக் கணினி என்ற கேள்வியை மறக்க வைத்த முதல் கருவி என்று இதைத்தான் சொல்வேன். 1993இல் அந்தப் பல்கலைக்கழகம் சில பயன்பாட்டுக்கு உரிமக் கட்டணம் கேட்கப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று ஐரோப்பிய ஆய்வுக்கூடமான செர்ன் உலகளாவிய வலையை எல்லாருக்கும் பொதுவாக்கிவிட்டது. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

ஆர்ச்சி: எஃப்டிபி கோப்புகளின் பெயரைத் தேடித் தருவது. 1990, மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகம். ஆர்க்கைவ் என்ற சொல்லில் ஓர் எழுத்தைப் பிடுங்கிய பெயர். வெரோனிகா: கோஃபர் பட்டியல்களைத் தேடுவது. 1992, நெவாடா பல்கலைக்கழகம், ரீனோ.

#21 நூலகர் ஒருவர்

யூஸ்நெட் என்பது தலைப்புவாரியான விவாதக் குழுக்கள். அங்கே செய்தி உங்களைத் தேடி வராது. நீங்கள் போய்ப் படிக்க வேண்டும். குழுவின் பெயர் பெரியதிலிருந்து சிறியதாக இறங்கும்: சாக், கல்ச்சர், தமிழ் என்று புள்ளி வைத்து எழுதினால் சமூகம், பண்பாடு, தமிழ். அந்தக் குழுவில் தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதினார்கள். வேறு எழுத்துக்கு அப்போது பொது வழி இல்லை. அஞ்சல் பட்டியலோ நீங்கள் சேர்ந்தால் உங்கள் பெட்டிக்கே வந்து விழும்.

அந்த அஞ்சல் பட்டியல்களை நடத்தும் லிஸ்ட்செர்வுக்கு ஒரு வரி போதாது. ஒவ்வொரு பட்டியலுக்கும் இரண்டு முகவரி. ஒன்று பட்டியலின் முகவரி. அங்கே எழுதினால் எல்லாருக்கும் போகும். இன்னொன்று பட்டியலை நிர்வகிக்கும் நிரலின் முகவரி. அதைப் படிப்பது மனிதர் இல்லை. விலக விரும்புபவர் நிரலுக்கு எழுத வேண்டும். எழுத மாட்டார்கள். "தயவுசெய்து என்னை நீக்குங்கள்" என்று நூற்றுக்கணக்கானவர்களுக்கு எழுதுவார்கள். அதற்கு இருபது பேர் "எங்களுக்கு எழுதாதீர்கள்" என்று மறுபடி எல்லாருக்கும் எழுதுவார்கள். பறவை பார்ப்பவர்களின் பட்டியல் ஒன்றில் இப்படி இரண்டு நாள் பறவையே வரவில்லை.

#22 குறும்பன்

இன்றைய குடும்ப வாட்ஸ்அப் குழு அப்போதே இருந்திருக்கிறது.

#23 சொல்தேடி

மீதி ஒன்றுதான்: "உறைந்தால் க்யூ". இரண்டு அடிக்கோடு.

#24 நூலகர் ஒருவர்

அதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். என் மேசையிலும் இதே வாசகத்தை ஒட்டி வைத்திருந்தேன், க்யூவுக்கு முன்னால் கன்ட்ரோல் என்று சேர்த்து.

திரை வேகமாக ஓடும்போது நிறுத்த கன்ட்ரோல், எஸ். மறுபடி ஓடவிட கன்ட்ரோல், க்யூ. தெரிந்து அழுத்துபவர்களுக்குச் சிக்கல் இல்லை. ஷிப்ட் பிடிக்கப் போன விரல் கன்ட்ரோலில் விழுந்து, பெரிய எழுத்து எஸ் வரவேண்டிய இடத்தில் கன்ட்ரோல் எஸ் ஆகிவிடும். உடனே திரை உறைந்துவிடும். எதைத் தட்டினாலும் ஒன்றும் தெரியாது. ஏன் என்று இப்போது நீங்களே சொல்வீர்கள்: தட்டிய எழுத்து ஹோஸ்டுக்குப் போகிறது, ஹோஸ்ட் திருப்பி அனுப்புவதை நிறுத்தி வைத்திருக்கிறது. எழுத்துகள் அங்கே வரிசையில் காத்திருக்கும். கோபத்தில் என்டரை முப்பது தடவை குத்திவிட்டு, பிறகு யாராவது க்யூ அழுத்தினால் முப்பது என்டரும் ஒரே மூச்சில் கிளம்பும். அதனால்தான் இரட்டை அடிக்கோடு.

#25 தந்திக்கம்பி

அவை டெலிடைப் (தொலைத் தட்டச்சு) காலத்து எழுத்துகள். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி முறையில் கன்ட்ரோல் க்யூவுக்கு எண் 17, கன்ட்ரோல் எஸ்ஸுக்கு 19. துளை நாடா படிக்கும் கருவியை ஓடவிடவும் நிறுத்தவும் வந்த குறிகள். நாடா போனபின்னும் அவை தங்கிவிட்டன.

#26 சொல்தேடி

இதைப் படித்ததும் என் மடிக்கணினியில், லினக்ஸ் முனையச் சாளரத்தைத் திறந்து கன்ட்ரோல் எஸ் அழுத்தினேன். உறைந்தது. என் பெயரைத் தட்டினேன், ஒன்றும் தெரியவில்லை. கன்ட்ரோல் க்யூ. பெயர் முழுதாக வந்து விழுந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

பட்டியலை அகர வரிசையில் போடவில்லை. வீடு, தொலைபேசிக் கம்பி, ஹோஸ்ட், அதற்கப்பால் என்று நான்கு பகுதியாகப் பிரித்துவிட்டேன். ஒவ்வொரு சொல்லும் எந்த இடத்தைச் சேர்ந்ததோ அங்கே. பதிவிறக்கம் மட்டும் இரண்டு இடத்தில் வருகிறது. மூன்று பென்சில் குறிப்புகளையும் அந்தந்தப் பக்கத்தின் அடியில் அப்படியே சேர்த்திருக்கிறேன். முதல் வரைவை நாளை இங்கே ஒட்டுகிறேன்.

#27 தந்திக்கம்பி

பக்கம் 11இல் பாட்டைத் திருத்திவிட்டு ஒட்டுங்கள்.